கேஸா, டீசலா, பேட்டரியா? கேம்பர் வேனில் தீயை மனதில் வைத்துத் தேர்ந்தெடுப்பது எப்படி

கேம்பர் வேன், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதி உள்ள வேன், வாங்கப் போகிறவர்களும் சரி, சொந்தமாகக் கட்டப் போகிறவர்களும் சரி, தீ என்றதும் முதலில் கேட்பது "எந்தத் தீயணைப்பானை வாங்கி மாட்டலாம்?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் வரிசையில் அது கடைசிக்குப் பக்கத்தில் வர வேண்டிய கேள்வி. அடுப்பு எதில் எரியப் போகிறது, ஃபிரிட்ஜ் எதில் ஓடப் போகிறது, குளிருக்கு எதை எரிக்கப் போகிறோம், கட்டில் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் என்பதையெல்லாம் முடிவு செய்த அன்றைக்கே அபாயத்தில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் எத்தனை சிவப்பு சிலிண்டர் மாட்டினாலும் மிச்சத்தைத்தான் குறைக்க முடியும்.

வண்டியின் உட்புறம் எதனால் ஆனது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ப்ளைவுட், பாலியூரிதேன் ஃபோம் மெத்தை, பசை, திரைச்சீலை, ஃபைபர்கிளாஸ். எல்லாமே நன்றாக எரியக்கூடியவை. அந்த ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். வாகன உட்புறப் பொருள்களுக்கு அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலிருந்து எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற விதி இருக்கிறது. தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்பது அதன் சாரம். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தச் சோதனை ஒரு சிறு துண்டைப் படுக்கை வசமாக வைத்து, சின்னச் சுடரைக் காட்டிப் பார்ப்பது. திரைச்சீலையில் தீ மேல்நோக்கி ஏறும் வேகம் வேறு கணக்கு. வீட்டு அறையைவிடப் பல மடங்கு சிறிய இடம், தாழ்ந்த கூரை; புகை தலைமட்டத்துக்கு இறங்க அதிக நேரம் எடுக்காது. உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் நல்லது.

அதனால் ஒவ்வொரு தேர்வையும் நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோடுவேன். இதில் கோளாறு வந்தால் தீப்பிடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியுமா? தெரியாமல் பிடித்துக்கொண்டால், நான் வெளியே ஓடும் வழி அதைத் தாண்டிப் போகுமா?

கேஸ்: கெட்ட பெயர் அதிகம், முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அதிகம்

எல்பிஜி என்றாலே வெடிக்கும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. எல்பிஜியில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில், கட்டிலுக்கு அடியில், படிக்கட்டுப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் 2 சதவீதத்தைத் தாண்டினாலே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். வண்டி ஓடும்போது குலுங்கிக்கொண்டே இருப்பதால் இணைப்புகள் தளரும், ரப்பர் ஹோஸ் வெடிப்பு விடும்.

ஆனால் என் முதல் கேள்விக்கு கேஸ் சொல்லும் பதில் மற்ற எதையும்விட நேர்மையானது. அதற்கு வாசனை சேர்த்திருக்கிறார்கள். முப்பது கிராம் சோப்பும் ஒரு பிரஷும் இருந்தால் சிலிண்டரிலிருந்து அடுப்புவரை ஒவ்வொரு இணைப்பையும் நீங்களே சோதித்துவிடலாம். நுரை பொங்கினால் கசிவு. தரையை ஒட்டி மாட்டிய கேஸ் டிடெக்டர், பற்றிக்கொள்ளும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே கத்தும். சிலிண்டர் வால்வை மூடினால் ஆபத்தின் ஊற்றே அடைந்துவிடும். இந்தக் கடைசி வசதி பேட்டரிக்குக் கிடையாது.

கேஸில் தப்பு நடப்பது பெரும்பாலும் சிலிண்டர் அறையில். அந்த அறை வண்டியின் உட்புறத்திலிருந்து முழுக்க அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும், கசிந்தது கீழே விழுந்து போவதற்கு. பழைய வண்டிகளில் நான் குனிந்து பார்க்கும் முதல் இடம் அதுதான். குளிர் வருகிறது என்று அந்த ஓட்டையில் துணியைத் திணித்திருப்பார்கள். அல்லது பின்னால் யாரோ ஒரு வயரை உள்ளே கொண்டுபோக அறையின் பக்கச் சுவரில் துளை போட்டு, அதைச் சுற்றி அடைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஒரு துளை போதும், அறை என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போக. சிலிண்டரோடு அதே அறையில் ஜம்ப் கேபிள், சார்ஜர், துரப்பணம் எல்லாம் கிடந்தால் அந்த வண்டியின் முந்தைய சொந்தக்காரரைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

அடுப்பில் சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு ஒவ்வொரு பர்னருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது கேஸ் ஹீட்டர் போட வேண்டும் என்றால் மோதல் உணரும் ரெகுலேட்டர் தேவை. விபத்தில் அது தானே கேஸை நிறுத்தும். இவை இல்லாத பழைய அமைப்பாக இருந்தால், வண்டி நகர்வதற்கு முன் சிலிண்டரை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மாட்டிவைக்காத சின்ன கேஸ் அடுப்பு, அதாவது கார்ட்ரிட்ஜ் போட்டுப் பயன்படுத்துவது, தனி ரகம். "அது சின்னதுதானே" என்று சொல்லி வண்டிக்குள் வைத்துக் கார்ட்ரிட்ஜ் மாற்றுகிறார்கள். மாற்றும் அந்த சில நொடிகளில்தான் கேஸ் வெளியே வரும், பக்கத்தில் ஏதாவது எரிந்துகொண்டிருந்தால் கதை முடிந்தது. அதை வெளியே வைத்துச் சமைத்தால், வெளியே வைத்தே மாற்றினால், இந்தக் கட்டுரையில் வரும் எல்லா ஏற்பாட்டையும்விட அபாயம் குறைவான சமையலறை அதுதான். வாரக்கடைசிக்கு மட்டும் வண்டி எடுப்பவர்கள் உள்ளே அடுப்பே வேண்டாம் என்று முடிவெடுப்பதை நான் கேலி செய்ய மாட்டேன்.

மின்சாரம்: சுடர் தெரியாது, சூடு மட்டும்தான்

"கேஸ் வேண்டாம், எல்லாம் எலெக்ட்ரிக்" என்பது இப்போதைய போக்கு. சுடர் இல்லை, சிலிண்டர் இல்லை, வண்டிக்குள் ஈரமும் குறைவு. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேஸை விட்டுவிட்டதாலேயே தீ அபாயம் போய்விட்டது என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல்.

2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2000-ஐ 12-ஆல் வகுத்தால் 167 ஆம்பியர். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 185-ஐத் தொடும். வீட்டு வயரிங்கில் யாரும் பார்த்திராத அளவு இது. இந்த மின்னோட்டம் போகும் வழியில் ஒரு லக், அதாவது கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம், சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை (அழுத்திப் பிடிக்கவில்லை), அல்லது ஒரு நட்டு குலுங்கிக் குலுங்கித் தளர்ந்துவிட்டது. அந்த இடத்தில் வெறும் 0.01 ஓம் தடை உருவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 225 வாட் சூடு கிளம்பும். ஈயத்தை உருக்கும் 60 வாட் சால்டரிங் அயர்ன் நான்கை ஒரே இடத்தில், ப்ளைவுட் பலகைக்குப் பின்னால், அழுத்தி வைத்திருப்பதற்குச் சமம்.

இதில் மோசமான விஷயம், ஃப்யூஸ் இதைக் கண்டுகொள்ளாது. ஃப்யூஸ் பார்ப்பது மின்னோட்டம் அளவுக்கு மீறுகிறதா என்பதை மட்டும். லூஸ் கான்டாக்டில் ஃப்யூஸை உருக்கும் அளவுக்கு மின்னோட்டம் கூடுவதில்லை. பேட்டரி மானிட்டரிலும் பெரிதாக எதுவும் தெரியாது. வாசனை வரும், அது வரும்போது ஏற்கெனவே பிளாஸ்டிக் உருகிக்கொண்டிருக்கும். என் முதல் கேள்விக்கு மின்சாரம் சொல்லும் பதில் இதுதான்: நீங்களாகப் போய்ப் பார்க்காவிட்டால் தெரியாது.

எப்படிப் பார்ப்பது? அடுப்பை முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்துகொண்டே போக வேண்டும். ஒரே கேபிளில் மற்ற இடத்தைவிட ஒரு முனை மட்டும் நன்றாகச் சுடுகிறது என்றால் அதை அவிழ்த்துப் பாருங்கள். பலர் செய்யும் ஒரு தப்பு அங்கே அகப்படும்: லக்குக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர். செம்பும் செம்பும் நேருக்கு நேர் உட்கார வேண்டிய இடத்தில், மின்சாரத்தை மோசமாகக் கடத்தும் ஓர் உலோகத் தட்டு. வாஷர் லக்குக்கு மேலே, நட்டுக்கு அடியில் வர வேண்டும். லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்கும் மலிவான கிரிம்பரும் இதே வரிசைதான். பார்க்க உறுதியாக இருக்கும், உள்ளே இழைகளுக்கு நடுவில் காற்று இருக்கும். ஹைட்ராலிக் கிரிம்பர் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியாவிட்டால் நீளம் சொல்லி முனை போட்ட கேபிளாகவே வாங்கிவிடுங்கள்.

கட்டும்போதே முடிவு செய்யக்கூடிய இன்னொரு விஷயம் வோல்டேஜ். 12-க்குப் பதில் 24 வோல்ட் என்று வைத்தால் மின்னோட்டம் பாதி. அதே மோசமான இணைப்பில் சூடு கால்வாசி. விளக்குக்கும் பம்புக்கும் ஒரு சின்ன 24-லிருந்து-12 மாற்றி போட்டுவிடலாம். பெரிய இன்வெர்ட்டர் வைப்பதாக இருந்தால் 24-ஐத்தான் நான் சொல்வேன். 12 வோல்ட்டில்தான் கடைச் சாமான் எல்லாம் கிடைக்கிறது என்ற வாதம் பத்து வருடத்துக்கு முன் சரியாக இருந்திருக்கலாம்.

பேட்டரி வகை பற்றி ஒரு தெளிவு வேண்டும். 'லித்தியம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறுபட்ட ஜாதிகள் அடங்குகின்றன. வண்டிகளில் பொருத்தும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி, நிலையானது. அது கட்டுமீறிச் சூடாக நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகையைவிட அதிக வெப்பம் தேவை, மீறினாலும் வெளிவரும் சக்தி குறைவு. மின் சைக்கிளிலும் பல மின் ஸ்கூட்டரிலும் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஜாதி. ஆயிரம் யோசித்து எல்எஃப்பி பேட்டரி போட்டவர், இரவில் மின் சைக்கிளைக் கட்டிலுக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதை என்னவென்று சொல்வது! அதை வெளியே வைத்துச் சார்ஜ் செய்யுங்கள், பகலில், கண்ணெதிரே.

எல்எஃப்பியும் தெய்வம் இல்லை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு அதன் பிஎம்எஸ்ஸில், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையில், இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஷார்ட் ஆனால் அது பாய்ச்சும் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியர். சாதாரண ஃப்யூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி வில்லாகத் தொடரலாம். அதனால்தான் 20,000 ஆம்பியரையும் துண்டிக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) ஃப்யூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டினாற்போல் போடச் சொல்கிறார்கள். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் கேபிளுக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

லெட் ஆசிட் பேட்டரிதான் பாதுகாப்பு என்று இன்னும் சிலர் சொல்வதுண்டு. சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் விடும்; காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே பற்றும். வெளிக்காற்றுக்குத் திறப்பு வைத்தால் பிரச்சினை இல்லை, மூடிய இருக்கைக்கு அடியில் வைத்தால் இருக்கிறது.

வெளியிலிருந்து மின்சாரம் எடுப்பவர்கள் ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். சுற்றிவைத்த கேபிளை முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுருளாகவே வைத்து ஹீட்டர் போட்டால் உள்சுற்றுகளின் சூடு போக வழியில்லாமல் உறை உருகும். ப்ளக் முனை பழுப்பேறியிருந்தால் மாற்றிவிடுங்கள், தேய்த்துச் சுத்தம் செய்வதெல்லாம் வேலைக்காகாது.

டீசல் ஹீட்டர்

குளிர் இடங்களுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பேச்சு. டீசல் ஆவியாகப் பற்றும் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல். பெட்ரோல் உறைகுளிரிலும் பற்றும். அந்த வகையில் எரிபொருள் சாது. ஆபத்து புகைக்குழாயில். கடுமையாகச் சுடும் அந்த உலோகக் குழாய் தரையின் துளை வழியாக இறங்குகிறது. அந்தத் துளையின் விளிம்பில் ப்ளைவுட், தரைக்கடியில் ஒட்டிய காப்பு ஃபோம், பக்கத்தில் வயர் கட்டு. உலோகத் தட்டும் போதிய இடைவெளியும் இல்லாமல் பொருத்தினால் மாதக்கணக்கில் கருகி ஒருநாள் பிடிக்கும். வெளியே காய்ந்த புல்லில் நிறுத்தினால் அங்கேயும் கவனம்.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்டரின் மின்சாரத்தைச் சட்டென்று துண்டிக்கக் கூடாது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் விசிறி சில நிமிடம் ஓடி உள்ளே இருக்கும் சூட்டைத் தள்ளிவிடும். மெயின் சுவிட்சை அணைத்தால் விசிறியும் நின்று, சூடு உள்ளேயே தங்கும். அதனால் ஹீட்டரின் மின்வழி மற்றவற்றோடு ஒரே சுவிட்சில் இருக்கக் கூடாது.

ஃபிரிட்ஜில் எனக்குத் தயக்கமே இல்லை

கேஸ், பேட்டரி, வெளி மின்சாரம் என மூன்று வழியிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜா, 12 அல்லது 24 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜா என்றால், தீயை மட்டும் பார்த்தால் கம்ப்ரஸர்தான்.

அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜில் அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் அடைத்த குழாய்க்குள் சுற்றுகின்றன. பின்னால் ஒரு பாய்லர். அதை கேஸ் சுடரோ மின் காயிலோ சுடவைக்கிறது. பம்ப் கிடையாது, புவியீர்ப்பை நம்பித்தான் திரவம் திரும்பி வருகிறது. வண்டி சாய்வாக நின்றால் திரவம் பாய்லருக்கு வந்து சேராது. வெறும் பாய்லர் காய்ந்து, குழாய் அரித்து, நாளடைவில் வெடிப்பு விடும். அதிலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன், பக்கத்திலேயே சுடர். 2006-ல் டொமெட்டிக் நிறுவனம் பாய்லர் குழாயில் வெடிப்பு வரக்கூடும் என்று அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் அதிகமான ஃபிரிட்ஜ்களைத் திரும்ப அழைத்தது. நார்கோல்ட் நிறுவனமும் பின்னால் அதே போன்ற காரணத்துக்காகத் தன் பெரிய மாடல்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

அதோடு கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் வண்டியின் பக்கவாட்டில் ஒரு சுடர் இரவு பகலாக எரிகிறது என்று பொருள். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும்போதும் அது எரிந்துகொண்டே இருக்கும், அணைக்காவிட்டால். மாதக்கணக்கில் மின்சாரமே கிடைக்காத இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கு மட்டும்தான் இப்போது அப்சார்ப்ஷனுக்கு நியாயம் சொல்ல முடியும். ஏற்கெனவே வண்டியில் அது இருந்தால் உடனே பிடுங்கிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. சாய்வில்லாத சமதரையில் நிறுத்துங்கள், பின்பக்க மூடியைக் கழற்றி பர்னரில் துருவும் சிலந்திவலையும் இருக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை பாருங்கள், பாய்லர் சூடு மீறினால் துண்டிக்கும் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். மஞ்சள் கறையோ அம்மோனியா நெடியோ வந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சரி, யாருக்கு எது?

வருடத்தில் பெரும்பகுதி வண்டியிலேயே இருக்கப் போகிறவர், மின் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யப் போகிறவர் என்றால்: 24 வோல்ட் எல்எஃப்பி, இண்டக்‌ஷன், கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், டீசல் ஹீட்டர். கேஸே இல்லாததால் ஒரு முழு ஆபத்து வகை வண்டியிலிருந்து இறங்கிவிடுகிறது.

தானே கட்டுகிறவர், மின்சாரத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லாதவர் என்றால் என் பதில் பலருக்குப் பிடிக்காது. பெரிய இன்வெர்ட்டரே வேண்டாம். விளக்கு, பம்ப், ஃபிரிட்ஜுக்கு மட்டும் சின்ன மின்னமைப்பு. சமையலுக்கு உரிமம் பெற்றவர் பொருத்திச் சான்று கொடுத்த கேஸ் அடுப்பு. 30 ஆம்பியரில் செய்யும் தவறு பெரும்பாலும் ஃப்யூஸோடு முடியும், 180 ஆம்பியரில் செய்யும் தவறு அப்படி முடியாது. சோப்பு நுரையால் சோதிக்கக்கூடிய ஆபத்து, பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆபத்தைவிடப் பரவாயில்லை.

நான் யாருக்கும் சொல்லாத ஏற்பாடு ஒன்று உண்டு: கேஸ் அடுப்பு, அது தீர்ந்தால் இண்டக்‌ஷன், டீசல் ஹீட்டர், அது நின்றால் கேஸ் ஹீட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர், அதற்கொரு கேன் பெட்ரோல். பேக்கப் என்ற பெயரில் ஒவ்வொன்றின் கோளாறையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்துக்கொள்வது இது. பராமரிக்க வேண்டியதும் நான்கு மடங்கு, அதனால் எதுவுமே பராமரிக்கப்படாது.

தானே ஓடும் மோட்டார்ஹோமா, இழுத்துச் செல்லும் கேரவனா என்ற தேர்விலும் தீக்கு ஒரு பங்கு உண்டு. கேரவனில் என்ஜினும் எரிபொருள் தொட்டியும் நீங்கள் தூங்கும் பெட்டியில் இல்லை. ஆனால் அதன் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டாலோ பேரிங் காய்ந்தாலோ ஓட்டுபவருக்குத் தெரிய நேரமாகும். பெரிய மோட்டார்ஹோம்களில் டீசல் என்ஜின் பின்னால் இருக்கும்; அங்கே எரிபொருளோ ஹைட்ராலிக் எண்ணெயோ கசிந்து டர்போவில் பட்டால் பின்னால் வருகிற வண்டிக்காரர் ஹார்ன் அடித்துத்தான் உங்களுக்குத் தெரியும். அந்த வகை வண்டிக்கு என்ஜின் அறையில் தானியங்கித் தீயணைப்பு அமைப்பு ஆடம்பரம் இல்லை. கையில் தீயணைப்பானோடு ஓடிப்போய் அந்த மூடியைத் திறப்பது காற்றைக் கொடுத்து விசிறிவிடுவது போலத்தான் முடியும்.

கட்டில் எங்கே, கதவு எங்கே

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சறுக்குக் கதவுக்குப் பக்கத்தில் அடுப்பு, பின்னால் குறுக்காகக் கட்டில்: கேம்பர் வேன்களில் அதிகம் பார்க்கும் அமைப்பு இதுதான். கதவைத் திறந்துவைத்துச் சமைக்க நன்றாக இருக்கும். இரவில் அடுப்புப் பக்கம் தீ என்றால் தூங்குகிறவருக்கும் கதவுக்கும் நடுவில் அது நிற்கும். இந்த அமைப்பு கூடாது என்றில்லை, பின்கதவு உள்ளிருந்து திறக்கும்படி இருந்தால். சரக்கு வேனை மாற்றிக் கட்டும்போது பல பின்கதவுகளுக்கு உள்ளே கைப்பிடியே இருக்காது, அல்லது கட்டில் பலகை அதை மறைத்துவிடும். கட்டும்போதே ஒரு கேபிள் இழுத்து கைப்பிடி வைப்பது சின்ன வேலை.

திருட்டுப் பயத்தில் சாவி போட்டுப் பூட்டும் கூடுதல் பூட்டுகளை உள்ளே மாட்டுகிறார்கள். சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்காத எந்தப் பூட்டும் தூங்கும் வண்டியில் இருக்கக் கூடாது.

அவசர வழி ஜன்னல் இருக்கும் வண்டிகளில் அதை ஒருமுறையாவது திறந்து, வெளியே இறங்கிப் பாருங்கள். ரப்பர் ஒட்டிக்கொண்டு திறக்காமல் முரண்டு பிடிக்கும். திறந்தாலும் தரை இரண்டு மீட்டர் கீழே இருக்கும். வண்டியில் பயணம் செய்பவர்களில் மிகச் சிறியவரும் மிக வயதானவரும் இறங்க முடிந்தால்தான் அது வழி. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே குழந்தைகளுக்குக் கட்டில் வைத்த வண்டிகளில் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். புகையும் சூடும் முதலில் போய்ச் சேரும் இடம் அது.

அலாரம், அப்புறம் தீயணைப்பான்

புகை, கேஸ், கார்பன் மோனாக்சைடு மூன்றையும் ஒன்றாகக் கண்டுபிடிக்கும் அலாரம் என்று விற்பதை வாங்காதீர்கள். புகை மேலே போகும், எல்பிஜி கீழே இறங்கும், கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து நிற்கும். ஒரே பெட்டியை எந்த உயரத்தில் மாட்டினாலும் ஒன்றாவது தப்பிவிடும். புகைக்கு கூரையில், ஒளியை வைத்துப் புகையை உணரும் ஃபோட்டோஎலெக்ட்ரிக் வகை. அயனி வகை சமைக்கும்போதெல்லாம் கத்தும், நான்காவது முறை யாராவது பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கேஸ் டிடெக்டர் தரையோரம். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுத்திருக்கும் தலைமட்டத்தில். எல்லாவற்றின் பின்னாலும் காலாவதி அச்சிட்டிருக்கும், கேஸ் டிடெக்டருக்கு அது பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டு.

தீயணைப்பானில், கம்பெனி வண்டியோடு வருகிற சின்ன பிசி வகைப் பவுடரை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது எண்ணெய்க்கும் மின்சாரத் தீக்கும் உரியது. மரம், துணி, மெத்தை என்ற ஏ வகைத் தீக்கு அதற்குச் சான்று இல்லை. வண்டியோ மரத்தாலும் மெத்தையாலும் ஆனது.

ஏபிசி பவுடர் இந்த மூன்று வகைத் தீயையும் அடிக்கும், குளிரில் உறையாது. ஒரு கிலோ கருவி பத்து நொடிக்குள் காலி. அடைத்த வண்டிக்குள் அடித்தால் அடுத்த நொடி எதுவும் தெரியாது, மூச்சும் முட்டும். அதனால் கதவுக்கு வெளியே நின்று உள்நோக்கி அடிக்கும்போதுதான் அதன் முழுப் பயன். தண்ணீர் அடிப்படையிலான நுரை வகை மெத்தைத் தீயை நனைத்துக் குளிரவைக்கும், மறுபடி பற்றாது. உறைகுளிருக்கு அதற்குரிய வகை வாங்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வகை இந்தச் சின்ன இடத்துக்குப் பொருந்தாது, தீயோடு சேர்த்து உங்கள் சுவாசத்தையும் எடுத்துக்கொள்ளும். கையளவு ஏரோசால் குச்சிகள் என்ஜின் அறை மாதிரி அடைந்த இடத்தில் நன்றாக வேலை செய்கின்றன, திறந்த கதவோரம் காற்றில் கலைந்துவிடும். நான் வைப்பதாக இருந்தால் உள்ளே கதவோரம் ஒரு நுரை வகை, வெளிப் பெட்டியில் இரண்டு கிலோ ஏபிசி, அடுப்புக்கு எட்டும் தூரத்தில், ஆனால் அடுப்புக்கு மேலே இல்லாமல், ஒரு தீப்போர்வை.

பிளாஸ்டிக் தலை உள்ள பழைய கருவி இருந்தால் மாடல் எண்ணைச் சரிபாருங்கள். 2017 நவம்பரில் கிடே நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் கருவிகளைத் திரும்ப அழைத்தது. அடைத்துக்கொண்டு வேலை செய்யாமல் போகலாம் என்பது காரணம்.

லித்தியம் பேட்டரி சீறிப் புகை விட ஆரம்பித்தால் மேலே சொன்ன எதுவும் பேட்டரியை நிறுத்தாது. பவுடர் சுடரை அணைக்கும், உள்ளே சூடு தொடரும், மறுபடி பற்றும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது தீயணைப்பு வீரர்களின் வேலை. நீங்கள் எல்லோரையும் இறக்கிக்கொண்டு காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போய் நிற்க வேண்டியதுதான்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் முதலில் பேட்டரி பெட்டியைத் திறக்கச் சொல்வேன், அப்புறம் சிலிண்டர் அறை, அப்புறம் ஃபிரிட்ஜின் பின்மூடி. ஃப்யூஸ் இல்லாத தடித்த சிவப்பு கேபிள், கருகிய ப்ளக், இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு, தேதி தேய்ந்த கேஸ் ஹோஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அதைச் சரிசெய்யும் செலவைப் பேரத்தில் கழிக்கலாம். இரண்டு இருந்தால் பலகைக்குப் பின்னால் இன்னும் என்ன இருக்கிறது என்று தெரிய மொத்த வண்டியையும் பிரிக்க வேண்டும். விற்பவர் பலகையைக் கழற்ற விடமாட்டேன் என்றால், வேறு வண்டி பாருங்கள்.